விஜயதசமிக்கு எடுத்து வைத்த டிவிடி

செப்டம்பர் 8, 2025, திங்கள்

சந்திரமோகன் சொன்ன சொல் தவறவில்லை. தன் சேலை டிசைன் கடை மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை வண்டியில் கட்டி, முள்ளிப்பட்டுக்கே கொண்டுவந்து, தம்பி வீட்டுக் கூடத்தில் கட்டிலுக்கு எதிரே வைத்துவிட்டுப் போனான். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. “சார், இதுக்கு வயசாயிடுச்சி. பென் டிரைவ் சொருகினா எழுந்துக்காது. டிவிடி போட்டாதான் உண்டு” என்றான். வயதானவர்களை எழுப்புகிற வித்தை எனக்குத் தெரியும் என்றேன்.

டிவிடியைப் போட்டேன். கறுப்புத் திரையில் ஒரே ஒரு ஆங்கில வரி. சரியான பூட் சாதனத்தைத் தேர்ந்தெடுத்து மறுபடி தொடங்கு என்று பொருள். ஐந்து முறை தொடங்கினேன். ஐந்து முறையும் அதே வரி.

தம்பி சம்பந்தம் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனால் செய்ய முடிந்தது அதுதான். இந்த நரம்பு நோய் இரண்டு வருடத்தில் காலை எடுத்தது, கையை எடுத்தது, ஆடி மாதத்தோடு பேச்சையும் எடுத்துக்கொண்டது. மிச்சம் இருப்பது கண்ணும் வலதுகை ஆள்காட்டி விரலும். அந்த ஒரு விரலுக்காகத்தான் இந்த டிவிடி. வேலூர் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் தேவிப்ரியா கொடுத்தது. உள்ளே லினக்ஸ் என்னும் இயங்குதளம், அதனோடு ஒரு தமிழ் எழுத்துப் பலகை. வரிசைகளும், பிறகு வரிசையிலுள்ள எழுத்துகளும் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டியது வரும்போது விரலால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கம்ப்யூட்டர் அதை வாய்விட்டுப் படிக்கும்.

அந்த வாய்தான் எங்களுக்கு வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

எதையும் ஒரு உதாரணமாக மாற்றிக்கொண்டால்தான் எனக்கு ஏறும். பள்ளிக்கூடம் திறப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் காவலாளி வருகிறார். யார் கதவை முதலில் தட்ட வேண்டும் என்று அவர் கையில் ஒரு சீட்டு இருக்கிறது. நம் காவலாளி ஹார்ட் டிஸ்க்கின் கதவைத் தட்டுகிறார். அங்கே ஆள் இல்லை. திரும்பிவந்து, பள்ளி இல்லை என்கிறார். டிவிடி பக்கத்து அறையிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதை யாரும் தட்டவில்லை.

சீட்டை மாற்ற வேண்டும். தொடங்கியவுடன் டெலீட் பொத்தானை அழுத்தி, நீலத் திரைக்குள் போய், டிவிடியை முதல் வரிசைக்கு ஏற்றினேன். ஒரு பட்டியல் வந்தது! தம்பி மனைவி சுபலட்சுமி சமையற்கட்டிலிருந்து ஓடி வந்தாள். “பேசுமா மாமா?” “நாளைக்கு.”

செப்டம்பர் 10, புதன்

பழைய வரியே திரும்ப வந்திருக்கிறது. இரவு சுபலட்சுமி சுவிட்சை அணைத்திருக்கிறாள், காவலாளி எல்லாவற்றையும் மறந்துவிட்டார். கம்ப்யூட்டருக்கு இன்று 2005 ஜனவரி முதல் தேதியாம். 2005 ஜனவரியில் சம்பந்தம் சைக்கிளில் பெரணமல்லூர் வரை போய்வருவான். உள்ளே இருக்கும் காசு போன்ற பேட்டரி செத்திருக்கும் என்கிறான் சந்திரமோகன்.

செப்டம்பர் 12, வெள்ளி

வாட்ச் கடையில் பேட்டரி கிடைத்தது. இப்போது தேதி நிற்கிறது, சீட்டு நிற்கிறது, பட்டியல் வருகிறது. முதல் வரியைத் தேர்ந்தெடுத்தேன். “இதற்கு அறுபத்துநான்கு பிட் கம்ப்யூட்டர் வேண்டும், உன்னுடையது அது இல்லை.” நின்றுவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் முன் பத்தாம் வகுப்புப் புத்தகம். பிள்ளை மேலும் குற்றமில்லை, புத்தகத்தின் மேலும் இல்லை.

தேவிப்ரியாவிடம் போனில் சொன்னேன். “ஐயோ, சாரி சார். பழைய மெஷினுக்கு வேற டிவிடி. எங்க இருக்குன்னு தேடி கொரியர் பண்றேன். அவருக்கு விரல் எப்படி இருக்கு?” இருக்கிறது என்றேன்.

செப்டம்பர் 15, திங்கள்

தேவிப்ரியா முதலிலேயே ஓர் எழுத்து அட்டை கொடுத்திருந்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டு எழுத்து எழுத்தாகக் கேட்க வேண்டும், சம்பந்தம் கண் சிமிட்ட வேண்டும். இன்று மறுபடி பிடித்தேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். மூன்றாவது முறை இது.

சுபலட்சுமிதான் சொன்னாள். “அவுரு எங்கிட்ட என்னமோ சொல்லணும் மாமா. பார்வையிலேயே தெரியுது. உங்க வாயால நான் கேக்கறது அவுருக்கு ஒப்பல.”

எட்டு வயதில் தறியில் உட்கார்ந்தவள். எண் தெரியும், எழுத்து தெரியாது. அவனுக்கு எழுத்து தெரியும், வாய் இல்லை. பிள்ளையும் இல்லை. நடுவில் நான் ஒருவன்தான் படித்தவன். என்னைத் தாண்டித்தான் எதுவும் போக வேண்டியிருக்கிறது. தம்பிக்குப் பெண்டாட்டியிடம் சொல்ல ஒரு வார்த்தை இருந்தால் அதில் அண்ணனுக்கு என்ன வேலை? நியாயம்தான்.

அட்டையைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 24, புதன்

புது டிவிடி வந்தது. பட்டியல் வந்தது, கோடுகள் ஓடின, பிறகு கும்மிருட்டு. ஒரு மணி நேரம் காத்திருந்தேன். உள்ளே வட்டு சுழலும் சத்தம் மட்டும். பேச வாயெடுத்துப் பேசாமல் போவதுபோல.

செப்டம்பர் 26, வெள்ளி

சந்திரமோகன் யாரையோ கேட்டுச் சொன்னான். பட்டியல் வரும்போது டேப் பொத்தானை அழுத்தி, வரியின் கடைசியில் ‘நோமோட்செட்’ என்று ஆங்கிலத்தில் அடிக்க வேண்டுமாம். பழைய திரைக்குப் புது அலங்காரமெல்லாம் தெரியாது, சாதாரணமாகக் காட்டு என்று அதற்குப் பொருள். அடித்தேன். நடுவில் ஓர் எழுத்து தவறு. மறுபடியும் இருட்டு. மின்சாரமும் போய்விட்டது.

செப்டம்பர் 28, ஞாயிறு

பேசியது.

அடித்த சொல்லை மூன்று முறை சரிபார்த்துவிட்டு அழுத்தினேன். நீலத் திரை, அதன்மேல் எழுத்துப் பலகை. பொத்தானை அவன் விரலுக்கடியில் வைத்தேன். வரிசைகள் ஒளிர்ந்து ஒளிர்ந்து நகர்ந்தன. இரண்டு முறை சுற்றிவந்தன. விரல் நடுங்கியது. பிறகு அழுத்தினான், மறுபடி அழுத்தினான்.

“சு” என்றது கம்ப்யூட்டர்.

சுபலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த எழுத்துக்கு அவன் காத்திருக்கும்போதே திரை உறைந்துவிட்டது. டிவிடியிலிருந்தே ஓடினால் அப்படித்தான் இழுக்குமாம். ஹார்ட் டிஸ்க்கில் முழுதாக இறக்கிவிட்டால் உறையாதாம்.

நான்தான் சொன்னேன். “வியாழக்கிழமை விஜயதசமி. அன்றைக்கு இறக்கலாம். எத்தனை பிள்ளைகளை அன்றைக்குச் சேர்த்திருக்கிறேன், ஒன்றுகூட பாதியில் நின்றதில்லை.” சுபலட்சுமிக்கு ஒரே சந்தோஷம். நாலு நாள்தானே.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. தறிக்கு, அதில் ஓடும் நாடாவுக்கு, கத்தரிக்கோலுக்கு, கம்ப்யூட்டருக்கு, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். டிவிடியை ஒரு வாழையிலையில் வைத்து அதற்கும் ஒரு பொட்டு. பளபளக்கும் பக்கத்தில் வைத்துவிட்டாள். எழுதியிருக்கும் பக்கத்தில் வைக்கக் கூடாதா என்றேன். “முகம் எதுவோ அதுலதானே மாமா பொட்டு வெப்பாங்க?” துடைத்தால் போகிறது.

அக்டோபர் 2, வியாழன்

துடைத்தேன். போட்டேன். பட்டியல் வந்தது, கோடுகள் ஓடின. பிறகு ஒரு வரி: இயங்கும் கோப்புகள் உள்ள ஊடகம் எதையும் காணவில்லை. அதன் கீழே ஒரு கட்டம் மினுக்கிக்கொண்டு நிற்கிறது, நான் ஏதோ சொல்வேன் என்று.

பதினொரு முறை.

அக்டோபர் 4, சனி

சோப்புத் தண்ணீரில் கழுவிப் பார்த்தேன். டிரைவைத் திறந்து கண்ணாடிப் பொட்டு போன்ற லென்ஸைப் பஞ்சால் துடைத்தேன். சந்திரமோகன் வேறொரு டிரைவ் கொண்டுவந்து மாட்டினான். அதே வரி. அவன் கடையில் நகல் எடுத்துப் பார்த்தான், பாதி தாண்டி நின்றுவிட்டதாம். “சிடி மேல என்னா சார் ஆச்சி?” என்று கேட்டான். சுபலட்சுமி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 6, திங்கள்

அவள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. பொட்டு வைத்ததால்தான் கெட்டுப்போனது என்று அம்மன் கோயிலுக்குப் போய் அழுதிருக்கிறாள்.

டிவிடியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பொட்டு வைத்த இடத்தில் ஒன்றுமே இல்லை. ஆனால் வட்டம் வட்டமாக, முடி போன்ற கீறல்கள், சுற்றிலும். துடைத்த கை போன வழியில்.

தறிப் பக்கத்தில் கிடந்த பட்டுத் துண்டால் துடைத்தேன். பட்டைவிட மெதுவான துணி எது என்று நினைத்து. அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் இரண்டு விரல் அகலம் ஜரிகை.

ஒளி நேர்க்கோட்டில் போகும் என்று முப்பத்துநான்கு வருடம் சொல்லிக்கொடுத்தவன். கீறலில் சிதறும் என்றும் சொல்லிக்கொடுத்தவன்.

இன்று அவளிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

அக்டோபர் 7, செவ்வாய்

சொல்லிவிட்டேன். துண்டையும் டிவிடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

துண்டின் ஓரத்தை விரலால் தடவினாள். பிறகு, “ஜரிகை கீறும்னு கொழந்தைக்குக்கூட தெரியும். பட்டு நெய்யற ஊட்ல பொறந்துட்டு, இன்னா மாமா நீங்க” என்றாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது அழுகை. பிறகு எழுந்து போய்ச் சோறு போட்டுக்கொண்டாள்.

சம்பந்தத்தின் பக்கம் நான் திரும்பவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, விஜயதசமி வரை காத்திருக்கலாம் என்று நானே முடிவு செய்தேன். அவனைக் கேட்கவில்லை. காத்திருக்க வேண்டியவன் அவன்.

அக்டோபர் 9, வியாழன்

தேவிப்ரியாவிடம் பழைய மெஷினுக்கான அந்த டிவிடி ஒன்றுதான் இருந்ததாம். சென்னையில் கேட்டிருக்கிறார். “ஒரு வாரம் ஆகும் சார். ஜல்தியா அனுப்பச் சொல்றேன்.”

அக்டோபர் 13, திங்கள்

விரல் நின்றுவிட்டது.

அக்டோபர் 17, வெள்ளி

டிவிடி வந்தது. ஒரு தடங்கலும் இல்லை. பட்டியல், அந்தச் சொல், நீலத் திரை, எழுத்துப் பலகை. முதல் முறையே. ஹார்ட் டிஸ்க்கில் இறக்கப் பார்த்தேன், டிஸ்க் பழுது என்று மறுத்துவிட்டது. போகட்டும். அதனால் இப்போது யாருக்கு என்ன?

வரிசைகள் தாமாக ஒளிர்ந்து ஒளிர்ந்து போயின. முதல் வரிசை, இரண்டாவது, மூன்றாவது. கடைசிக்குப் போய் மறுபடி முதலுக்கு. யாரும் அழுத்தவில்லை. எப்படி நிறுத்துவது என்றுகூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனும் பார்த்தான். கடைசியில் சுபலட்சுமி எழுந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

புருவத்தில் ஒட்டும் ஒரு சென்சார் இருக்கிறதாம். தீபாவளி கழித்து வரவழைக்கலாம் என்கிறார் தேவிப்ரியா. சரி என்றேன். நம்பிக்கை இல்லாத ‘சரி’ எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியும்போல.

அக்டோபர் 18, சனி

சுபலட்சுமி பரண்மேலிருந்து அந்த எழுத்து அட்டையை இறக்கி வைத்திருந்தாள்.

“மாமா, இதுல கட்டம் கட்டமா நம்பர் போட்டுக் குடுங்க. டிசைன் கிராப்புல போடற மாதிரி.”

“உனக்குத்தான் படிக்கத் தெரியாதே அம்மா.”

“தறிக்கு ஜக்கார்டு அட்டைல ஓட்டை குத்தும்போது எனக்கு மட்டும் படம் தெரியுமா? அவுரு கிராப்பப் பார்த்துகினு நம்பர் சொல்லுவாரு. நான் குத்திகினே போவேன். மயிலா மாங்காயான்னு சேலைல விழுந்தப்புறம்தான் பார்ப்பேன். இருவது வருசம் அப்படித்தானே. இதையும் அப்படிக் குத்திக்கிறேன். இப்ப நான் எண்ணுவேன், அவுரு கண்ண சிமிட்டி நிறுத்துவாரு.”

நான் தேவிப்ரியாவைக் கேட்டேன், சந்திரமோகனைக் கேட்டேன், கம்ப்யூட்டரிடம் நாற்பது நாள் மன்றாடினேன். இவளைக் கேட்கவில்லை.

புதிய தாளில் போட்டுக் கொடுத்தேன். உயிரும் ஆய்தமும் ஒரு வரிசை, அதன் கீழே மெய்க்கு ஒன்றாகப் பதினெட்டு. குறுக்கே பதின்மூன்று கட்டம். பத்தொன்பது பதின்மூன்று இருநூற்று நாற்பத்தேழு. ஒரு கட்டம்கூட வீணாகவில்லை. சம்பந்தத்தின் கண்ணுக்கு நேரே சுவரில் மாட்டினேன். அவன் அதையே பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். கண்ணை மூடவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மதியத்துக்கு மேல் நான் வாசலுக்கு வந்துவிட்டேன். தெரு முழுக்க வெடி. வெடிக்கும் வெடிக்கும் நடுவில் உள்ளே அவள் குரல். “ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு...” நின்றது. நோட்டில் பென்சில். மறுபடி ஒன்னிலிருந்து. ஒரு எழுத்துக்கு இரண்டு எண்ணிக்கை. ஒரு மணி நேரத்தில் எத்தனை எழுத்து வந்திருக்கும்? கணக்குப் போட ஆரம்பித்தவன், அது என் வேலை இல்லை என்று நினைத்து எழுந்து பஸ் நிறுத்தம் வரை நடந்தேன்.

அக்டோபர் 29, புதன்

தினமும் எண்ணுகிறாள். வரவர இடைவெளி நீள்கிறது. இன்று குறுக்கே பதின்மூன்று வரை போய், மறுபடி பதின்மூன்று வரை போய், “பரவால்ல, நாளைக்கு” என்றாள்.

நோட்டை ஒருமுறைகூட என்னிடம் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. “இன்னா எழுதியிருக்குன்னு தெரிய வேணாமா உனக்கு?” என்று மட்டும் கேட்டேன். “முழுசா விழட்டும் மாமா” என்றாள்.

நவம்பர் 3, திங்கள்

மூச்சு. வேலூர்.

நவம்பர் 5, புதன்

காலை நாலே காலுக்கு. தம்பி போய்விட்டான்.

நவம்பர் 6, வியாழன்

நேற்று வண்டியில் திரும்பும்போது ஆஸ்பத்திரிப் பை என் மடியில் இருந்தது. மேலேயே அந்த நோட்டு. நூறு பக்க நோட்டில் நாலு பக்கம்தான் நிறைந்திருக்கும். சுவர்த் தாளைப் போட்டவன் நான், எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று எனக்கு மனப்பாடம். ஒரு பார்வை போதும்.

பையின் வாயை முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 12, புதன்

கொரியரில் புருவ சென்சார் வந்தது. பிரிக்கவில்லை.

நவம்பர் 20, வியாழன்

பதினாறாம் நாள். அவளை உட்காரவைத்து, பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டு, பெரிதாகக் குங்குமம் இட்டு, பிறகு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்தார் ஒரு கிழவி. அவள் யாரையும் பார்க்கவில்லை. இடுப்பில் அந்த நோட்டைச் சொருகியிருந்தாள். யாரோ அதைப் பிடுங்கப் போனார்கள். கையைத் தட்டிவிட்டாள்.

நவம்பர் 24, திங்கள்

“மாமா, பதினொன்னுல ஏழு. இன்னா சத்தம்?”

சொன்னேன்.

“ரெண்டுல ரெண்டு?”

சொன்னேன். ஒரு நாளைக்குப் பத்து பன்னிரண்டு கேட்கிறாள். முன்னுக்குப் பின், பின்னுக்கு முன். நோட்டில் இருக்கும் வரிசையில் கேட்கவில்லை. இல்லாததையும் நடுவில் கலந்து கேட்கிறாள் என்று நினைக்கிறேன். நான் சேர்த்துப் பார்த்துவிடக் கூடாது அல்லவா? அன்று அட்டையோடு நின்ற என் முன் அவன் மூடிய கண்ணை இப்போது அவள் மூடிக்கொண்டிருக்கிறாள்.

டிசம்பர் 3, புதன்

இன்று எதுவும் கேட்கவில்லை. சுவர்த் தாளின் முன் நின்று, விரல் வைத்து, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நான் உள்ளே வந்ததும் நோட்டை மூடினாள்.

டிசம்பர் 5, வெள்ளி

தம்பி வீட்டுக்குப் போகவில்லை. மழை என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

டிசம்பர் 8, திங்கள்

சந்திரமோகன் கம்ப்யூட்டரை எடுத்துப்போக வந்தான். நானும் போயிருந்தேன். டிரைவைத் திறந்து டிவிடியை எடுத்து அவனிடம் கொடுத்தேன். கீறல் விழுந்த பழையதை என் பையில் போட்டுக்கொண்டேன்.

சுபலட்சுமி டீ கொண்டுவந்தாள். நெற்றியில் குங்குமம். சின்னப் பொட்டு, ஆயுத பூஜையன்று அந்த வட்டில் வைத்தாளே, அந்த அளவு. சந்திரமோகன் தலையைக் குனிந்துகொண்டான். நான் டீயைப் பார்த்தேன்.

எதிர்வீட்டுக் காசியம்மாள் வாசலிலிருந்தே கேட்டுவிட்டாள். “இன்னாடி இது, நெத்தியில?”

“அவுருதான் அழிக்காதன்னு சொன்னாரு.”

“யாரு, சம்பந்தமா? வாயே இல்லாத மனுசன் எப்படீ சொன்னாரு?”

“தீபாவளியப்போ. எனக்குத்தான் படிக்க இத்தினி நாளாச்சி.” டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நாலு பக்கத்தில் அது ஒரு வரியாக இருக்கும். மற்றது எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் பஸ்ஸில் வரும்போது தேதிகளைச் சொல்லிப் பார்த்தேன். செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி அவன் விரல் இருந்தது. டிவிடியில் கீறல் இல்லை. ‘சு’ என்று கூப்பிட்டும்விட்டான். அன்று மறுபடி போட்டிருந்தால், உறைந்து உறைந்தாவது, அவள் அதைக் காதால் கேட்டிருப்பாள்.

பதினாறாம் நாள் அந்த ஈரத்துணியை எடுத்துக் கிழவியிடம் கொடுத்தது நான்தான்.